ரவுடியிசத்துக்குள் இருக்கும் கிரேக்கம்

"அந்த ஏரியாவில் அவன்தான் ரவுடியிசம் பண்ணிக்கிட்டு இருக்கான்" என்று யாராவது சொன்னால், ரவுடிகளுக்கென்று ஒரு தத்துவம் இருக்கிறது, அதை அவன் படித்துத் தேறிவிட்டான் என்று நாம் நினைப்பதில்லை. மாமூல் வாங்குகிறான், கொடுக்காதவன் கடையை உடைக்கிறான், அவ்வளவுதான். ஆனால் மார்க்சிசம், சோஷலிசம், ரியலிசம் என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, 'இசம்' என்றால் கொள்கை, கோட்பாடு என்று பொருள் சொல்கிறோம். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருடம் கழித்து மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தபோது, ஒரு நிறுவனம் கொடுத்த சொற்பட்டியலில் 'இசம் என்று முடிந்தால் இயம் அல்லது வாதம்' என்று ஒரே வரியில் விதி போட்டு வைத்திருந்தார்கள். அந்த விதியை நம்பினால் டூரிசத்துக்கு 'சுற்றுலாவாதம்' என்றும், ஞானஸ்நானத்துக்கு (ஆங்கிலத்தில் அதுவும் ஒரு இசம், பாப்டிசம்) 'முழுக்கியம்' என்றும் எழுத வேண்டியதுதான். இரண்டு நாள் சண்டை போட்டு அந்த வரியை எடுக்க வைத்தேன்.

அப்புறம்தான் இந்த ஒட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரைக்கும் எனக்குப் பட்டது இதுதான்: தெருவில் 'ரவுடியிசம் பண்றான்' என்று சொல்பவர்தான் இந்த ஒட்டின் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறார். கொள்கை என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. முதலில் அது ஒரு செயல். அதுவும் பெரும்பாலும் அடுத்தவன் செய்யும் செயல், நமக்குப் பிடிக்காத செயல்.

இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பயப்பட வேண்டாம், சின்ன விஷயம்தான். பழைய கிரேக்கத்தில் ஒரு பெயரோடு 'இஸெய்ன்' என்ற ஈற்றைச் சேர்த்தால் அது வினையாகிவிடும். நாம் தமிழ் என்ற பெயரை 'தமிழ்ப்படுத்து' என்று வினையாக்குகிற மாதிரி. ஹெல்லென் என்றால் கிரேக்கன். 'ஹெல்லெனிஸெய்ன்' என்றால் கிரேக்கம் பேசு, கிரேக்கன் மாதிரி நட. இந்த வினையை மறுபடி பெயராக்க 'மோஸ்' என்று ஒரு துண்டு இருந்தது, நம்முடைய 'தல்' போல. வினையின் வால் 'இஸ்', அதோடு 'மோஸ்', இரண்டும் ஒட்டி 'இஸ்மோஸ்'. பக்கத்திலேயே 'இஸ்மா' என்று இன்னொன்று, செயலின் விளைவைக் குறிக்க. 'பாப்டிஸ்மோஸ்' என்றால் முழுக்குதல், 'பாப்டிஸ்மா' என்றால் முழுக்கு. ஆக, ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கும் 'இசம்' என்பது உண்மையில் ஒரு ஒட்டே இல்லை. வினையாக்கும் ஒட்டின் கடைசியும் பெயராக்கும் ஒட்டின் முதலும் சேர்ந்து இறுகிப்போன கட்டி.

சரி, முதலில் எந்தெந்தச் சொற்களில் இது வருகிறது? எனக்கு மிகவும் பிடித்தது 'மேடிஸ்மோஸ்'. பெர்சியர்களை கிரேக்கர்கள் மேதியர்கள் என்றும் கூப்பிடுவார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சியப் பேரரசு கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, தீப்ஸ் மாதிரி சில ஊர்கள் எதிரி பக்கம் போய்விட்டன. அப்படிப் போவதற்குப் பெயர் மேதியனாதல், 'மேடிஸ்மோஸ்'. மேதியர்களின் மதத்தை ஏற்றுக்கொள்வதோ அவர்கள் தத்துவத்தை நம்புவதோ இல்லை, அந்தப் பக்கம் சாய்வது. பச்சையாகச் சொன்னால் துரோகம். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஈஜினாத் தீவைச் சேர்ந்த பொலிக்ரிட்டஸ் என்ற கப்பல் தலைவன், பக்கத்தில் வந்த ஏதென்ஸ் கப்பலில் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரையா மேதியன் பக்கம் சாய்ந்தது என்று பழி சொன்னீர்கள், இப்போது பாருங்கள் என்ற தொனியில் கத்தி நக்கலடித்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் இருக்கும் சொல் 'மேடிஸ்மோஸ்'தான். சுற்றிலும் கப்பல்கள் முட்டி உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு இசத்தைப் பற்றிச் சண்டை!

இந்தத் தெமிஸ்டோக்ளிஸின் வாழ்க்கையே இசங்களால் ஆனது. போரில் ஜெயித்துக் கொடுத்த மனிதர், பத்து வருடத்துக்குள் ஏதென்ஸ் மக்களுக்கு அலுத்துப்போனார். அந்த ஊரில் ஒரு வழக்கம்: வருடத்துக்கு ஒருமுறை, மக்கள் விரும்பினால், உடைந்த பானை ஓட்டில் ஒருவர் பெயரைக் கீறிப் போடலாம். 6000 ஓடுகள் விழுந்தால் கணக்கு செல்லும். அதிகம் பேர் கீறிய பெயருக்குரியவர் பத்து வருடம் ஊரை விட்டுப் போக வேண்டும். குற்றம் ஏதும் நிரூபிக்கத் தேவையில்லை. சொத்தும் போகாது, குடியுரிமையும் போகாது, ஆள் மட்டும் கண்ணில் படக் கூடாது. பானை ஓட்டுக்கு அவர்கள் மொழியில் 'ஒஸ்ட்ரகோன்', அந்த ஓட்டில் பெயர் கீறி விலக்குவது 'ஒஸ்ட்ரகிஸ்மோஸ்', இன்றைய ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசிசம், நம் வழக்கில் ஊர்விலக்கு. ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது, தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய ஓடுகள் சுமார் 190 மொத்தமாகக் கிடைத்தன. கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான் என்று தெரிந்தது. அதாவது யாரோ முன்கூட்டியே எழுதி அடுக்கி, வருகிறவர் கையில் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். பூத் சிலிப் கொடுக்கும் ஆட்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

வெளியே போனவரை விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஏதென்ஸின் போட்டி நகரமான ஸ்பார்ட்டாக்காரர்கள் அவர் மேல் அதே பழைய பழியைப் போட்டார்கள்: மேடிஸ்மோஸ். ஓடி ஓடிக் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா, பெர்சிய அரசனிடமே. அரசன் அவருக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்ததாக இன்னொரு வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்கிறார். ரொட்டிக்கு மக்னீசியா, மதுவுக்கு லாம்ப்சகோஸ், தொட்டுக்கொள்ள மியூஸ். அந்த மூன்றாவதற்கு கிரேக்க மூலத்தில் 'ஒப்சோன்' என்று வருகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குச் சொல் தேடித் திணறுவார்கள். நமக்கு 'தொட்டுக்கொள்ள' என்றால் முடிந்தது. மக்னீசியா என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் திரும்ப வரும்.

இதே காலத்து இன்னொரு வகை இசம், மொழிப் பிழைகளின் பெயர். கிரேக்கன் அல்லாதவன் பேசுகிற மாதிரி பேசினால் 'பார்பரிஸ்மோஸ்'. இன்றைய துருக்கியின் தென்கரையில், சிலிசியாவில் சொலோய் என்று ஒரு கிரேக்கக் குடியேற்ற ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் நல்ல கிரேக்கத்தைக் கெடுத்துப் பேசுகிறார்கள் என்று ஒரு கேலி நிலவியதாம், அதிலிருந்து 'சொலோய்கிஸ்மோஸ்'. இலக்கணப் பிழையை ஆங்கிலத்தில் இன்றும் சொலிசிசம் என்கிறார்கள். ஒரு ஊரின் பேச்சு வழக்கைக் கிண்டலடித்த சொல் 2000 வருடத்துக்கு மேல் நிற்கிறது, அந்த ஊர் மக்கள் பேசியதில் ஒரு வாக்கியம்கூட நம் காதுக்கு வரவில்லை. வட்டார வழக்கு பேசி வகுப்பில் சிரிப்பு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

செயலிலிருந்து வாழ்முறைக்கு இந்த ஒட்டு நகர்வதை ஓரிடத்தில் கண்ணால் பார்க்க முடிகிறது. மக்கபேயர் இரண்டாம் நூல் என்று ஒன்று, கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இருக்கும், சீர்திருத்த சபைகளின் பைபிளில் இருக்காது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எருசலேமில் நடந்த கலவரங்களைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. யாசோன் என்ற தலைமைக் குரு ஊருக்குள் கிரேக்கப் பாணி உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிறான். குருக்கள் பலிபீடத்தை விட்டுவிட்டு, வட்டெறியும் சத்தம் கேட்டதும் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். இந்தக் கூத்துக்கு ஆசிரியர் கொடுக்கும் பெயர் 'ஹெல்லெனிஸ்மோஸ்', கிரேக்கன் மாதிரி ஆடுவது. அதற்கு எதிராகத் தங்கள் முன்னோர் வழியில் நிற்பவர்களுக்கு 'யூதாயிஸ்மோஸ்'. நமக்குத் தெரிந்தவரை இந்தச் சொல் முதன்முதலாக எழுத்தில் வருவது இங்கேதான். யூத மதத்துக்கான பெயர் என்று இன்று அகராதியில் இருப்பது, முதலில் 'அவர்கள் கிரேக்கனாகட்டும், நாங்கள் யூதராகவே இருக்கிறோம்' என்ற எதிர்வினையாகப் பிறந்திருக்கிறது.

இதற்குச் சுமார் 250 வருடம் கழித்து, அந்தியோக்கியா நகர ஆயர் இஞ்ஞாசியார் கைதியாக ரோமுக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதுகிறார். ஒரு கடிதத்தில், கிறிஸ்துவ வழி யூத வழியை நம்பி வரவில்லை, யூத வழிதான் கிறிஸ்துவ வழியில் வந்து நம்பிக்கை வைத்தது என்று வாதாடுகிறார். அதில் 'யூதாயிஸ்மோஸ்' என்பதற்கு எதிரில் 'கிறிஸ்தியானிஸ்மோஸ்' என்று புதிதாக ஒன்றை நிறுத்துகிறார். நமக்குக் கிடைத்த எழுத்துகளில் இந்தச் சொல்லின் தொடக்கம் இவரிடம்தான். அந்தக் கடிதம் எந்த ஊர்ச் சபைக்குப் போனது? மக்னீசியாவுக்கு. தெமிஸ்டோக்ளிஸுக்கு ரொட்டி போட்ட அதே ஊர். துரோகி என்ற பழியோடு ஒருவர் வந்து ஒதுங்கிய ஊருக்கு, ஐந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து அதே ஒட்டு ஒரு மதத்தின் பெயராகத் தபாலில் வந்து சேர்கிறது. இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, எந்த அர்த்தமும் இல்லாத தற்செயல்தான் என்று தெரிந்தும்.

லத்தீனுக்கு இது போனதும் 'இஸ்முஸ்' ஆனது. லத்தீனிடம் சொந்தமாகவே பெயராக்கும் ஒட்டுகள் நிறைய இருந்ததால் இதை அதிகம் சீண்டவில்லை. திருச்சபைச் சொற்களும் இலக்கண ஆசிரியர்களின் சொற்களும்தான் இதோடு வந்தன. இடைக்காலம் முழுக்க இப்படியே ஓரமாகக் கிடந்தது என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

16ஆம் நூற்றாண்டில் லூதர், கால்வின் போன்றவர்கள் போப்பை எதிர்த்துப் பிரிந்து சபை உடைந்தபோது ஒட்டுக்கு மறுபிறவி. கத்தோலிக்கர்கள் எதிர்த்தரப்பை லூதரனிசம் என்றார்கள், அவர்கள் பதிலுக்கு பாப்பிசம் என்றார்கள், போப்புக்கு அடிமையாக இருப்பது என்ற அர்த்தத்தில். கால்வினிசம் என்ற பெயரோ லூதர் பக்கத்து ஆட்களே கால்வின் ஆட்களைத் திட்டப் புழங்கியது, கால்வினுக்கு அது பிடிக்கவே இல்லை. அடுத்த நூற்றாண்டில் ஜான்சென் என்ற கத்தோலிக்க இறையியலாளரின் பெயரால் ஜான்செனிசம் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள், அப்படி ஒன்றே கிடையாது, நாங்கள் வெறும் கத்தோலிக்கர்கள் என்று கடைசிவரை மறுத்தார்கள். இசம் என்பது எதிரி ஒட்டும் சீட்டு என்ற மேடிஸ்மோஸ் காலத்துப் பழக்கம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. 1680 வாக்கில் ஆங்கிலத்தில் 'இசம்ஸ்' என்று ஒட்டையே தனிச்சொல்லாகப் பிய்த்து எடுத்து, எல்லாக் கூட்டத்தையும் சேர்த்துக் கேலி செய்யும் அளவுக்குப் போய்விட்டது.

இப்படித் திட்டுவதற்கென்றே திட்டமிட்டுச் செய்த இசம் ஒன்று உண்டு, செய்தவர் வாக்குமூலமும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1794இல், அரசர் சின்னம் பாதிரி சின்னம் என்று சொல்லிச் சிலைகளை உடைத்தும் நூல்களைக் கொளுத்தியும் வந்தவர்களைக் கண்டித்து, பாதிரியாரும் சட்டமன்ற உறுப்பினருமான ஆபே கிரெகுவார் அறிக்கை மேல் அறிக்கை கொடுத்தார். கி.பி. 455இல் ரோமைச் சூறையாடிய வாண்டல்கள் என்ற இனத்தின் பெயரை எடுத்து 'வாண்டலிஸ்ம்' என்றார். அந்தச் செயலை ஒழிக்கவே அந்தச் சொல்லைப் படைத்தேன் என்று பிற்பாடு நினைவுக்குறிப்பில் எழுதினார். செயல் ஒழியவில்லை, சொல் ஐரோப்பாவின் எல்லா மொழிக்கும் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை. அதே 1794இல் அதே கிரெகுவார் இன்னொரு அறிக்கையும் வைத்தார், நாட்டில் பிரெஞ்சை ஒழுங்காகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை, ஆகவே வட்டார மொழிகளை அழித்துவிட்டு எல்லாரையும் பிரெஞ்சு பேச வைக்க வேண்டும் என்று. கல்சிலையை உடைத்தால் வாண்டலிசம், பிரெத்தோன், பாஸ்க், ஒக்சிதான் என்று உயிரோடிருக்கும் மொழிகளை உடைத்தால் முன்னேற்றம். இவருடைய மற்ற வேலைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அடிமை முறையை எதிர்த்தவர், யூதர்களின் உரிமைக்காக நின்றவர். ஆனால் இந்த ஒரு அறிக்கையைத் தமிழ்க்காரனாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

டெரரிசமும் அதே கொந்தளிப்பில் பிறந்ததுதான். புரட்சி அரசை நடத்திய ரோபெஸ்பியர் தலை விழுந்த பிறகு, அவருடைய ஆட்சி முறைக்கு எதிரிகள் வைத்த பெயர் அது. பயத்தைக் காட்டி அரசு நடத்துவது என்று பொருள். முதலில் அரசு செய்தது. அரசுக்கு எதிராகச் செய்வது என்று தலைகீழானது பின்னால்.

19ஆம் நூற்றாண்டில் தான் இந்தச் சீட்டுகளை மக்கள் தாங்களே எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். சோஷலிசம் 1830களிலும் கம்யூனிசம் 1840களிலும் பரவியபோது, அந்தப் பெயரில் நின்றவர்கள் பெருமையோடுதான் நின்றார்கள். மார்க்சிசத்துக்கு மட்டும் பழைய கதை: மார்க்ஸின் ஆட்கள் என்று எதிரணி கேலியாகச் சொன்னதுதான் தொடக்கம். பிரான்சில் தன் பெயரைச் சொல்லிச் சிலர் அடித்த கூத்தைப் பார்த்துவிட்டு, நிச்சயமாக நான் மார்க்சியவாதி இல்லை என்று மார்க்ஸ் சொன்னதை எங்கெல்ஸ் 1882இல் ஒரு கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார்.

ஃபெமினிசத்தின் பயணம் இன்னும் விசித்திரமானது. பிரெஞ்சில் இது 1871இல் ஒரு மருத்துவ ஆய்வேட்டில் தலைகாட்டுகிறது, காசநோய் வந்த ஆண்களிடம் தெரியும் பெண்சாயலுக்குப் பெயராக. ஆமாம், நோய்க்குறி! அடுத்த வருடமே, பெண்ணுக்குச் சம உரிமை கேட்பவர்களைக் கிண்டல் செய்ய எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா (மகன்) அதை எடுத்துக்கொண்டார். அதற்குப் பத்து வருடத்துக்குப் பின், வாக்குரிமைக்குப் போராடிய ஊபர்ட்டீன் ஓக்ளேர், சரி, நாங்கள் அதுதான் என்று ஏற்றுக்கொண்டார். நோய், வசை, கொடி, மூன்றும் பன்னிரண்டு வருடத்துக்குள்.

ஓவியர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1874 ஏப்ரலில் பாரிஸில் மோனே முதலியவர்கள் தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மோனேயின் ஒரு படத்தின் பெயரில் 'இம்ப்ரெஷன்' என்று இருந்தது. லூயி லெரொய் என்ற பத்திரிகைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டும் காகிதமே இந்தக் கடல் படத்தைவிட முழுமையாக இருக்கும் என்று கேலிக் கட்டுரை எழுதினார், தலைப்பிலேயே அவர்களுக்கு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் வைத்து. மூன்று வருடம் கழித்து அவர்கள் அந்தப் பெயரிலேயே கண்காட்சி நடத்தினார்கள். 1909இல் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி ஒரு பாரிஸ் நாளிதழின் முதல் பக்க அறிக்கையோடு ஃபியூச்சரிசத்தை அறிவித்தபோதுதான், திட்டு வாங்கும்வரை காத்திருக்காமல் தானே பெயர் வைத்துக்கொண்டு வருவது ஒரு பாணியானது.

இப்போது ஐரோப்பாவில் இந்த ஒட்டு நுழையாத வீடு குறைவு. எழுத்து ஒன்று போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு மொழியும் தன் வாயசைவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சில் 'இஸ்ம்', ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் 'இஸ்மோ', ஜெர்மனில் லத்தீன் வால் வெட்டாமல் 'இஸ்முஸ்', போலிஷிலும் ரஷ்யனிலும் 'இஸ்ம்' என்பதில் ஸ மட்டும் அதிர்ந்து ஒலிக்கும். ரஷ்யனில் அந்த ஸ-வைக் குழைத்து, கொஞ்சம் 'ய' கலந்த மாதிரி கம்யூனிசத்தை உச்சரிப்பது சோவியத் தலைவர் க்ருஷ்சேவ் காலத்துக் கட்சித் தலைவர்களின் அடையாளமாகி, இன்றுவரை மிமிக்ரி செய்பவர்களுக்குச் சோறு போடுகிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் நம்மைப் போலப் பிடிவாதம். முடிந்தவரை சொந்தச் சொல்தான், 'ஹிக்யா' (எண்ணப்போக்கு) என்றோ 'ஸ்டெஃப்னா' (திசை, போக்கு) என்றோ முடித்துச் சொல் செய்கிறார்கள்.

பொருளிலும் வழி பிரிகிறது, அங்கேதான் மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுவார். ஸ்பானியத்தில் 'அத்லெத்திஸ்மோ' என்றால் ஓட்டம், தாண்டுதல் முதலிய தடகளப் போட்டிகள். 'சுப்மரினிஸ்மோ' என்றால் கடலுக்கடியில் மூச்சுக்கருவியோடு நீந்துவது, நீர்மூழ்கிக் கப்பல் தத்துவம் இல்லை. பிரெஞ்சில் 'செகுரிஸ்ம்' என்றால் முதலுதவி, 'யுர்பனிஸ்ம்' என்றால் நகரமைப்புத் துறை. பாருங்கள், எல்லாமே செயல்கள். லத்தீன் வழி வந்த மொழிகளில் ஒட்டின் பழைய ரத்தம் இன்னும் ஓடுகிறது என்று நான் நினைப்பது இதனால்தான். இத்தாலியர்களுடையது இன்னும் அழகு: 'கம்பனிலிஸ்மோ'. கம்பனிலே என்றால் கோயில் மணிக்கூண்டு. எங்கள் ஊர் மணிக்கூண்டுதான் உலகத்திலேயே உசத்தி, பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் ஒரு ஆளா என்று நினைப்பதற்கு அந்தப் பெயர். மதுரைக்காரர்களிடமும் கோயம்புத்தூர்க்காரர்களிடமும் ஐந்து நிமிடம் பேசியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

முழு வாக்கியத்தையே ஒட்டுக்கு முன்னால் வைத்துச் சொல் செய்யும் வித்தையும் நடக்கிறது. 'எனக்கென்ன போச்சு' என்பதை இன்னும் கொச்சையாகச் சொல்லும் ஒரு பிரெஞ்சுத் தொடர் உண்டு, அதோடு இஸ்ம் சேர்த்து 'ஜமான்ஃபுத்திஸ்ம்' என்கிறார்கள். ரஷ்யர்கள் அதே மனநிலைக்கு 'பொஃபிகிஸ்ம்', ஸ்பானியர்கள் 'பஸொத்திஸ்மோ'. எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பதற்கு மூன்று மொழிகளும் வேலை மெனக்கெட்டு ஒரு இசத்தைச் செய்து வைத்திருப்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

நோய்ப் பெயர்களை விட்டுவிட முடியாது. ரூமாட்டிசம் கிரேக்கர் காலத்தது, உடம்புக்குள் கெட்ட நீர் ஓடுவதால் மூட்டு வலிக்கிறது என்று நம்பி 'ஓட்டம்' என்ற சொல்லிலிருந்து செய்தது. 1849இல் ஸ்வீடன் மருத்துவர் மாக்னுஸ் ஹூஸ், குடியால் உடம்பு கெடுவதை ஒரு நோயாகப் பார்த்து 'ஆல்கஹாலிஸ்முஸ்' என்று பெயர் வைத்தார். பொட்டுலிசத்தில் இருப்பது சாசேஜுக்கான லத்தீன் சொல், கெட்டுப்போன சாசேஜ் தின்று ஜெர்மனியில் ஆட்கள் செத்ததன் நினைவு. நிறக்குருடு இருந்த ஆங்கில வேதியியலாளர் ஜான் டால்ட்டன் 1794இல் தன் பார்வையைத் தானே ஆராய்ந்து விளக்கினார், அதனால் பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன் எல்லாவற்றிலும் நிறக்குருட்டுக்குப் பெயர் டால்ட்டனிசம். இங்கே தமிழில் ஒரு தற்செயல் காத்திருக்கிறது. கோட்பாட்டுக்கு நாம் சொல்லும் 'வாதம்' வடமொழியில் பேச்சு, தர்க்கம் என்ற சொல். மூட்டைப் பிடிக்கும் 'வாதம்' வடமொழியில் காற்று என்ற வேறு சொல். அங்கே இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆக, ரியலிசத்துக்கு யதார்த்தவாதம், ரூமாட்டிசத்துக்கு முடக்குவாதம்! கொள்கையையும் நோயையும் ஒரே ஒட்டில் கட்டிய கிரேக்கத்தின் குழப்பத்தை நாம் முற்றிலும் வேறு வழியில் போய் அப்படியே கொண்டுவந்திருக்கிறோம்.

20ஆம் நூற்றாண்டில் கடைசியாக ஒரு திருப்பம். ரேசிசம் முதலில் இன உயர்வு பேசும் கொள்கையைத்தான் குறித்தது, பிறகு அந்தப் பாகுபாட்டையே குறித்தது. அதை அச்சாக வைத்து 1960களில் ஆங்கிலத்தில் செக்சிசம் வந்தது, 1969இல் முதியவர்களை ஒதுக்குவதற்கு ராபர்ட் பட்லர் ஏஜிசம் என்றார், 1970இல் மற்ற உயிரினங்களைத் தாழ்வாக நடத்துவதற்கு ரிச்சர்ட் ரைடர் ஸ்பீசியிசிசம் என்றார். இந்தப் பெயர்களை யாரும் தனக்குச் சூட்டிக்கொள்ள மாட்டார்கள், அடுத்தவரைத்தான் சொல்வார்கள். சலாமிஸில் பொலிக்ரிட்டஸ் கத்திய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். இந்திய ஆங்கிலத்தின் காஸ்டிசம், கம்யூனலிசம், குண்டாயிசம் எல்லாம் இந்த ரகம்தான்.

நம்மிடம் வந்தபோது ஒரே ஒட்டு பத்தாகச் சிதறியது. மார்க்சியம், காந்தியம், பெண்ணியம் என்று இயம்; முதலாளித்துவம், பின்நவீனத்துவம் என்று துவம்; இனவாதம், பயங்கரவாதம் என்று வாதம்; பொதுவுடைமைக்கு ஒட்டே இல்லை; ஜர்னலிசத்துக்கு இதழியல், கிரிட்டிசிசத்துக்கு விமர்சனம், ஆர்கனிசத்துக்கு உயிரி. பலர் இதைத் தமிழின் கலைச்சொல் ஒழுங்கின்மை என்று குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஐரோப்பியர்கள் ஒரே சாக்கில் போட்டு வைத்ததை நாம் பிரித்து அடுக்கியிருக்கிறோம். செயல் வேறு, நோய் வேறு, கொள்கை வேறு, துறை வேறு.

பிரிக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டதும் இருக்கிறது, அதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். பெயர்ச்சொல் உயிரெழுத்தில் முடிந்தால்தான் ஃபின்னிஷ்காரர்களுக்கு வசதி, அதனால் 'இஸ்மி' என்று இகரம் சேர்த்தார்கள். லித்துவேனியர்கள் 'இஸ்மாஸ்' என்று தங்கள் ஆண்பால் ஈற்றைப் போட்டார்கள், லாட்வியர்கள் 'இஸ்ம்ஸ்' என்றார்கள். நாம் எதையும் சேர்க்கவில்லை. ஆங்கிலேயன் வாயில் அது ஏற்கெனவே 'இஸம்' என்று முடிந்ததால், மரம், குணம், பணம் கூட்டத்தோடு தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது, வேற்றுமை உருபு வந்தால் மரத்தை, குணத்தை என்று வருகிற மாதிரியே அத்துச் சாரியையும் வாங்கிக்கொண்டது. 1967இல் நிலப்போராட்டம் வெடித்த நக்சல்பாரி வங்காளத்தின் ஒரு மூலையில் இருக்கும் கிராமம். சொலோய் மாதிரி அதுவும் ஒரு ஒட்டின் முன்னால் வந்து நின்றது. காலையில் நாளிதழைப் பிரித்து 'நக்சலிசத்தை ஒடுக்க' என்று ஒரு தலைப்பைப் படித்தால், அந்த ஒரே சொல்லில் வங்காளத்துக் கிராமத்தின் பெயர் பாதி, ஏதென்ஸில் வினையைப் பெயராக்கிய துண்டு ஒன்று, தொல்காப்பியர் இரண்டாம் வேற்றுமை என்று எண்ணி வைத்த ஐ ஒன்று.